வலை போடுமுன் மீனைக் கேட்கிறோம்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேநீர் குடித்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். காசைப் பற்றிய கதைதான். ஆனால் வடிகானுக்கோ மதிலுக்கோ கட்டடத்துக்கோ உரிய காசு அல்ல. ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு காசு.

எங்களிடம் படித்த ஒரு தம்பி போன மாதம் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். கலைஞர்களுக்கு உதவி கொடுக்கும் ஒரு நிறுவனத்துடையது, பெயர் இங்கே தேவையில்லை. பத்துப் பக்கம், முழுக்க ஆங்கிலம். "சேர், இதக் கொஞ்சம் நிரப்பித் தாங்களன்" என்றான்.

சுனாமி வந்தபோது அவனுக்கு நாலு வயது. அவர்களுடைய வீடு கடற்கரையில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மணல்தான் இருக்கிறது. அவன் செய்ய நினைப்பது இதுதான். வீடு இருந்த அதே இடத்தில், அதே நீள அகலத்தில், வீட்டின் தளத்தைச் சுண்ணாம்புத் தூளால் மணலில் கீறுவது. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களைக் கூட்டிவந்து கோடுகளுக்குள் நடக்கச் சொல்வது. அடுப்படி எது, கிணறு எங்கே, யார் எந்த மூலையில் படுப்பார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டு நடப்பதை ஒலிப்பதிவு செய்வது. மறுநாள் காற்றிலும் அலையிலும் கோடு அழிந்துவிடும். அழியட்டும் என்கிறான். இப்படி இருபது வீடுகள். கடைசியில் ஒரு நாள் இரவு, ஒவ்வொரு வீடும் இருந்த இடத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. ஊர்ச்சனம் கடற்கரையால் நடந்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதுபோல அந்தக் குரல்களைக் கேட்க வேண்டும்.

கேட்டதும் எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இது நாடகமா, குறும்படமா, ஆவணமா? ஒன்றிலும் அடங்கவில்லை.

படிவத்தைத் திறந்தோம். எத்தனை பயனாளிகள்? அவர்களில் பெண்கள் எத்தனை வீதம்? எதிர்பார்க்கப்படும் விளைவு என்ன? அதை எப்படி அளப்பீர்கள்? முன்பு செய்த இதேபோன்ற வேலைகளின் பட்டியல்? தம்பி எங்கள் முகத்தைப் பார்த்தான். "சேர், செஞ்சு பாத்தாத்தானே என்ன வரும் எண்டு தெரியும்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இப்படியான வேலைகளைப் பரீட்சார்த்தக் கலை என்கிறார்கள். பெயர் பெரிதாக இருப்பதால் கொழும்புக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்கனவே உள்ள அச்சுக்குள் நாம் சொல்ல வேண்டியது அடங்காதபோது புது அச்சு தேடுவதுதான் அது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் ஒரு புத்தகம் செய்தார், 2011இல் வெளிவந்தது. போரில் வீடிழந்து இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அந்தக் கீறலுடன் கட்டடக்கலைஞர் வரைவதுபோன்ற தளப்படமும், சனாதனனின் ஓவியமும் சேர்ந்தன. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தொம்பின் பெயரைத்தான் அந்த நூலுக்கு வைத்தார், முடிவுறாத தொம்பு என்ற பொருளில். காணி உறுதி தொலைந்தவனுக்கு ஞாபகம்தான் உறுதி. இதை ஒரு கவிதையாகவோ கட்டுரையாகவோ எழுதியிருந்தால் அந்தக் கனம் வந்திருக்காது. இலாப நோக்கற்ற ஒரு பதிப்பு முயற்சி பின்னால் நின்றதால்தான் அப்படியொரு நூல் கைக்கு வந்தது.

எங்கள் தம்பி அந்த நூலைப் பார்த்ததேயில்லை. மூத்தம்மா மணலில் விரலால் கீறிக் காட்டியதைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த யோசனை வந்ததாம்.

இப்போது சிலர் சொல்வார்கள், நமது ஊரில் எவ்வளவு பெரிய எழுத்தாளர்கள் வந்தார்கள், அவர்களுக்கு யார் காசு கொடுத்தது என்று. நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும்.

எம்.ஏ. நுஃமான் 1944இல் இதே கல்முனைக்குடியில் பிறந்தவர். 1969, 70 காலத்தில் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்று கவிதைக்காக ஒரு சஞ்சிகை நடத்தினார். வாசகர் சங்கம் என்ற பெயரில் இங்கிருந்தே நூல்கள் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து மஹாகவியின் நூல் கல்முனை முகவரியுடன் வந்தது அப்படித்தான். பெரியநீலாவணையில் நீலாவணன். மருதமுனையில் மருதூர்க் கொத்தன். இவர்கள் எந்த நிதியத்திடமும் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு எழுதவில்லை என்பது உண்மை.

ஆனால் இந்த மூன்று பேரும் செய்த தொழிலைப் பாருங்கள். நீலாவணன் ஆசிரியர். மருதூர்க் கொத்தன் ஆசிரியர். நுஃமான் பேராசிரியர் ஆவதற்கு முன் பாடசாலை ஆசிரியர். மாதம் முடிய அரசாங்கச் சம்பளம், பின்னேரம் கையில் நேரம், வருடத்தில் மூன்று விடுமுறை. கிழக்கின் கலை நிதியம் என்று ஒன்று இருந்தது, அதற்கு யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை, அவ்வளவுதான். அது ஆசிரியர் சம்பளம். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் சஞ்சிகை அச்சடித்தார்கள், நாடகம் போட்டார்கள், நட்டப்பட்டார்கள், திரும்பவும் போட்டார்கள்.

நாங்களும் அதே அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்து அதே தொழிலுக்கு வந்தவர்கள்தான். எங்கள் சம்பளத்தில் இன்று ஒரு சஞ்சிகை அச்சடிக்க முடியுமா? 2022க்குப் பிறகு கடதாசி விலை, அச்சுக்கூலி, வீட்டுச் சாமான் விலை எல்லாம் என்னவானது என்று உங்களுக்கே தெரியும். பின்னேரம் கையில் நேரமும் இல்லை, அது ரியூஷனுக்குப் போய்விட்டது. அந்தப் பழைய நிதியம் யாரும் மூடாமலே மூடப்பட்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த நிதியத்துக்கு ஒரு வாசல் இருந்தது. படித்து, அரச நியமனம் பெற்றவர்களுக்குத்தான் அது திறந்தது. தோணியில் போகிறவனுக்கு இல்லை. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இல்லை. நெல் குத்தும்போதும் பிள்ளை தாலாட்டும்போதும் கவி கட்டிய நமது மூத்தம்மாமாரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கவி மிஞ்சியது, கட்டியவளின் பெயர் போய்விட்டது. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் கிழக்கின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து 2013இல் நூலாக்கியதால் அதில் ஒரு பங்காவது காப்பாற்றப்பட்டிருக்கிறது.

சரி, இன்று காசே இல்லையா? இருக்கிறது. எப்போது கொடுக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கலாசாரத் திணைக்களம் கலாபூஷணம் விருது வழங்குகிறது. நமது ஊரிலும் பலர் பெற்றிருக்கிறார்கள், பெருமைதான். அதற்கு வயது 60 ஆக வேண்டும். மாகாணத்திலும் பிரதேசத்திலும் விருதுகள் உண்டு, வெளிவந்த நல்ல நூலுக்குப் பரிசு உண்டு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூல் வெளியீட்டுக்கு உதவி செய்கிறது, அதற்கு எழுதி முடித்த பிரதி வேண்டும். இவை ஒன்றையும் நாங்கள் குறை சொல்லவில்லை. முதுமையில் ஒரு கலைஞனை மதிப்பது நல்ல காரியம். ஆனால் எல்லாமே வேலை முடிந்த பிறகு வரும் காசு. வேலை தொடங்குமுன் வரும் காசு எங்கே?

ஊருக்குள் நாம் நடத்தும் கௌரவிப்பு விழாக்களும் அப்படித்தான். மண்டபம், மேடை, பொன்னாடை, மாலை, ஞாபகச் சின்னம், வந்தவர்களுக்குச் சாப்பாடு. நாங்களும் பல விழாக்களில் கணக்குப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் கலைஞனின் கைக்குப் போவது ஒரு சால்வையும் ஒரு பலகையும்தான். மிச்சம் முழுவதும் கலைஞனைச் சுற்றியிருக்கும் எங்களுக்கே செலவாகிறது.

வேலைக்கு முன்பே காசு வந்த ஒரு காலமும் நமது ஊரில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு. அதைப் பற்றி உண்மையாகப் பேசினால் நல்லது.

2005இல் நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். ஒரு நிறுவனம் வந்து எங்களில் எட்டுப் பேரைச் சேர்த்து வீதி நாடகம் பழக்கியது. தலைப்பு கைகழுவுதல். நாலு முகாம்களில் நடித்தோம். நாலு இடத்திலும் முடிவு ஒன்றுதான். கையைக் கழுவினான், வயிற்றோட்டம் நின்றது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், எங்களுக்கு ரீசேட் தந்தார்கள். கூட நடித்தவர்களில் ஒருவன் உம்மாவைக் கடலுக்குக் கொடுத்தவன். ஒத்திகையில் அவன் கேட்டான், "உம்மா கையக் கழுவி உடுற மாதிரி ஒரு காட்சி வெப்பமா?" பழக்க வந்தவர் நல்ல மனுசர்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது நம்மட தலைப்புக்குள்ள வராது தம்பி" என்றார்.

கைகழுவுதல் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை, முகாமில் அது உயிர்காக்கும் விடயம். ஆனால் அந்தக் காசு விளம்பரத்துக்கு வந்த காசு, கலைக்கு வந்ததல்ல. கலைக்கான காசு என்றால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அதில் இடம் இருந்திருக்க வேண்டும். அன்று அவனுடைய காட்சியை நாங்கள் நடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தெரியாது. சரிவராமலும் போயிருக்கலாம். யாரும் செய்து பார்க்கவில்லை என்பதுதான் எங்களுக்கு இன்றும் உறுத்துகிறது.

சரிவராமல் போகலாம் என்று தெரிந்தே காசு கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் நமது கடற்கரைக்குப் போய் ஒரு நாள் நின்று பாருங்கள். கரைவலைத் தோணி முதலாளி என்ன செய்கிறார்? வலை, கயிறு, தோணி எல்லாம் முதலில் அவர் செலவு. ஆட்களுக்கு முற்பணமும் கொடுத்து வைக்கிறார். ஒரு நாள் மீன் கொட்டும், ஒரு நாள் வலையில் சொறிமுட்டையும் குப்பையும் வரும். வெறும் வலை வந்ததற்காக யாரையும் அவர் கள்ளன் என்பதில்லை. வலை போடுமுன் எத்தனை கிலோ மீன் வரும் என்று எழுதித் தா என்று கேட்பதும் இல்லை. கடற்கரையில் நமக்கு விளங்கும் இந்த நியாயம் கலைக்கு வந்ததும் ஏனோ விளங்காமல் போகிறது.

நமது நாட்டிலேயே இந்த நியாயம் வேலை செய்த இடங்கள் இருக்கின்றன.

மட்டக்களப்புக் கூத்து 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடையேறிய கதை பலருக்குத் தெரியும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்பிலிருந்து போன மாணவன் மௌனகுரு அதில் ஆடினார், பிறகு அதையே வாழ்நாள் வேலையாக்கினார். கூத்தைக் கெடுக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் நின்றது, கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு நின்றது. ஒத்திகைக்கு இடம் இருந்தது, நேரம் இருந்தது. பிழைத்துப் பிழைத்துச் சரிசெய்ய அது போதும்.

அடுத்தது ஆங்கிலத்தில். மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் புக்கர் பரிசு பெற்றார். அந்தக் காசைக் கொண்டு தன் தாயின் குடும்பப் பெயரில் கிரேஷியன் பரிசை இலங்கையில் ஏற்படுத்தினார். நாட்டில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அது. அதில் ஒரு நல்ல விதி உண்டு: அச்சாகாத கையெழுத்துப் பிரதியையும் அனுப்பலாம். 2008ஆம் ஆண்டுக்கான பரிசு ஷெஹான் கருணாதிலகவின் 'சைனாமன்' நாவலுக்குக் கிடைத்தபோது அது புத்தகமாக வந்திருக்கவில்லை. கிரிக்கெட்டையும் குடிகாரப் பத்திரிகையாளர் ஒருவரையும் வைத்து, எது உண்மை எது புளுகு என்று பிரிக்க முடியாதபடி எழுதிய விசித்திரமான நாவல். 2012இல் அதற்குப் பொதுநலவாய புத்தகப் பரிசு கிடைத்தது. பத்து வருடம் கழித்து, 2022இல், அவருடைய அடுத்த நாவலுக்கு புக்கரே கிடைத்தது. ஒருவர் வென்ற காசு முப்பது வருடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே பரிசாக இன்னொரு இலங்கையர் கைக்கு வந்திருக்கிறது.

தமிழில் எழுதுபவருக்கு அந்த வாசல் இல்லை. 2003இலிருந்து மொழிபெயர்ப்புக்கு ஒரு பரிசு கொடுக்கிறார்கள், சிங்களத்திலோ தமிழிலோ உள்ளதை ஆங்கிலமாக்கினால் கிடைக்கும். அதாவது நமது வேலை வேறு மொழிக்குப் போன பிறகுதான் அந்த மேசைக்கு வர முடியும். ஒண்டாச்சியை நாம் குறை சொல்ல முடியாது. தன் காசை, தான் எழுதும் மொழிக்குக் கொடுத்தார். நமது மொழிக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் பெங்களூரில் ஒரு கலை நிதியம் இருக்கிறது, இந்தியா ஃபவுண்டேஷன் ஃபோர் த ஆர்ட்ஸ் என்று பெயர். 1993இல் தொடங்கி, 1995இலிருந்து உதவி கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தைத் தமிழ் உட்பட எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். இது சின்ன விடயம்போலத் தெரியும். பத்துப் பக்க ஆங்கிலப் படிவத்தோடு ஒரு பிள்ளை உங்கள் வாசலில் வந்து நின்றால்தான் அதன் பெறுமதி விளங்கும். தன் யோசனையைச் சொல்ல இரவல் வாய் தேடுகிறவன், பாதி யோசனையை வழியிலேயே தொலைத்துவிடுகிறான்.

காசு கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் இந்தியாவிலேயே பாடம் இருக்கிறது. அங்கே சங்கீத நாடக அகாடமி 1984இலிருந்து இளம் நாடகக்காரர்களுக்கு ஒரு உதவித் திட்டம் நடத்தியது. கிராமியக் கலைகளிலிருந்து புதிய நாடகம் செய்ய வேண்டும் என்பது நோக்கம். சில நல்ல நாடகங்கள் வந்தன. ஆனால் போகப்போக, உதவி கிடைக்க வேண்டுமென்றால் எந்த நாடகத்திலும் ஒரு நாட்டுப்புற ஆட்டத்தைச் செருகிவிடுகிறார்கள் என்ற விமர்சனமும் வந்தது. தேவையோ இல்லையோ, ஒரு மேளம், ஒரு முகமூடி. பரீட்சார்த்தம் செய் என்று கொடுத்த காசே புது அச்சாக மாறிவிட்டது. கொடுப்பவன் தலைப்பை வைத்தால் வாங்குபவன் தலைப்புக்கு ஆடுவான். நாங்கள் முகாமில் ஆடியதும் அதைத்தான்.

இனி எதிர்க் கேள்விகளுக்கு வருவோம். ஆசிரியர் அறையிலேயே எங்களிடம் கேட்டவைதான்.

"ஊரில் கஷ்டப்பட்ட குடும்பம் எத்தனை, வடிகான் உடைந்து கிடக்கு, உங்களுக்கு இது கேட்குதா?" என்றார் ஒருவர். கேட்கத்தான் செய்கிறது. ஸக்காத்தில் ஒரு சதமும் இதற்கு வேண்டாம். அதைப் பெற உரிய எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆன் பெயர் சொல்லியே குறித்திருக்கிறது. பள்ளிவாசல் காசும் வேண்டாம். நாம் கேட்பது விழாவுக்கும் பொன்னாடைக்கும் ஏற்கனவே செலவழிக்கும் காசில் ஒரு பங்கு. வடிகானை மாநகர சபை இன்றில்லாவிட்டாலும் நாளை கட்டும். எண்பது வயது மூத்தம்மாவின் ஞாபகத்தில் இருக்கும் வீட்டை நாளை யாரும் கட்ட முடியாது.

"ஊர் ஒழுங்குக்கு ஒவ்வாத எதையாவது செய்துவிட்டால்?" என்றார் இன்னொருவர். அந்தப் பயத்தையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. கொடுக்குமுன் கேள்வி கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். கொடுத்த பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் தலையை நீட்டக்கூடாது. சோலைக்கிளி 1980களில் இதே கல்முனையிலிருந்து எழுதத் தொடங்கியபோது, அந்தக் கவிதைகள் விளங்கவில்லையே என்று முறைப்பட்டவர்கள் இருந்தார்கள். இன்று ஈழத்துக் கவிதை என்று பேசுகிறவர்கள் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. நமக்கு இன்று விளங்காதது எல்லாம் பிழையாகிவிடாது.

"காசு தின்றுவிட்டு ஒன்றும் செய்யாமல் போனால்?" போகலாம். சிலர் போவார்கள். கரைவலைக் கணக்கில் அதையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் யோசித்து, நாங்கள் நாலைந்து பேர் ஒரு வழி கண்டிருக்கிறோம். புதிதாக ஒன்றும் இல்லை. நமது வீடுகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். சீட்டு.

40 பேர், மாதம் 500 ரூபா. மாதம் 20,000, ஆறு மாதத்தில் 120,000 ரூபா. வருடத்தில் இரண்டு தடவை, இரண்டு பேருக்கு. மற்றச் சீட்டில் போட்டவருக்கே திரும்ப விழும், இதில் ஊரில் ஒரு பிள்ளைக்கு விழும். வித்தியாசம் அவ்வளவுதான். எங்கள் தம்பி தன் வேலைக்குப் போட்ட கணக்கும் ஏறக்குறைய இந்தத் தொகைதான். ஒலிப்பதிவுக் கருவி, சின்ன ஒலிபெருக்கிகள் வாடகைக்கு, சுண்ணாம்பு, முதியவர்களைக் கூட்டிவர ஆட்டோ, மூன்று மாதத்துக்குக் கைச்செலவு.

விதிகள் குறைவாக இருக்கட்டும். விண்ணப்பம் ஒரு பக்கம், தமிழில். எழுத வராதவர் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம். தலைப்பு நாம் கொடுப்பதில்லை. வயதெல்லை இல்லை, பெண்களுக்கும் தோணியில் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். ஊருக்கு வெளியிலிருந்து மூன்று பேர் வாசித்து, உண்மையான யோசனை எவை என்று பிரித்துத் தருவார்கள். அவற்றுக்குள் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். மருமகன், மச்சான், கட்சிக்காரன் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

குலுக்கலா என்று சிரிக்காதீர்கள். அயர்லாந்து அரசு 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வீதம் மூன்று வருடம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தகுதியானவர்கள் அதைவிடக் கூடுதலாக இருந்ததால் அவர்களுக்குள் குலுக்கித்தான் எடுத்தார்கள். அரசாங்கமே குலுக்கும்போது நாம் குலுக்கினால் என்ன?

கடைசி விதி ஒன்று. ஆறு மாதம் முடிய, காசு பெற்றவர் ஒரு பின்னேரம் ஊர்ச்சனத்துக்கு முன் வந்து, என்ன செய்தேன், எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று சொல்ல வேண்டும். சரிவரவில்லை என்பதையும் கைதட்டிக் கேட்க நாம் பழக வேண்டும். கணக்கு முழுவதும் எழுதிப் பகிரங்கமாக ஒட்டப்படும். பொன்னாடை கிடையாது.

இதையெல்லாம் ஏன் அவசரமாக எழுதுகிறோம் என்றும் சொல்ல வேண்டும்.

தம்பி அந்தப் படிவத்தை அனுப்பவில்லை. "பயனாளிகள்" என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம். போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு வீட்டையாவது கீறிப் பார்ப்போம் என்று கடற்கரைக்குப் போனோம். அவனுடைய வீட்டைத்தான். ஒரு கயிறு, அளவு நாடா, ஒரு பை சுண்ணாம்பு, போனில் ஒலிப்பதிவு. 2005இல் அரசு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். ஆனாலும் அவர்கள் திரும்பி வரவில்லை.

மூத்தம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தோம். கீறியதைப் பார்த்ததும் முதலில் கோபப்பட்டா. "என்ன மனே இது, வாசலத் தெக்கால வெச்சிரிக்க? வாசல் வடக்கால." அழித்துவிட்டுத் திரும்பக் கீறினோம். "உள்ளுக்கு வாங்க மூத்தம்மா" என்று தம்பி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினான். வெறும் மணல், ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். அவ வரவில்லை. கோட்டை மிதிக்காமல், சுவரைச் சுற்றி நடப்பதுபோல மெல்ல மெல்லச் சுற்றிப்போய், வாசலால்தான் உள்ளே வந்தா. வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சொன்னா, "இதுதான் அடுப்படி. இதுல நிண்டு பாத்தாக் கடல் தெரியும்."

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். ஒருவர், "எங்கட வளவு இதுக்கு அங்கால, நாலு தென்னைக்கு மத்தியில" என்று கயிற்றின் மறுமுனையை வாங்கிக்கொண்டார். இதற்குப் பெயர் என்னவென்று எங்களுக்கு இன்னும் தெரியாது. பயனாளிகள் எத்தனை என்றும் எண்ணவில்லை.

தம்பிக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. இன்னும் நாலு மாதத்தில் போகிறான். மூத்தம்மாவுக்கு 81 வயது. இருபது வீட்டில் ஒரு வீடுதான் முடிந்திருக்கிறது. முதல் சீட்டு சேர ஆறு மாதம் எடுக்கும் என்பதால் அவனுக்கு மட்டும் குலுக்கல் இல்லாமல் கைமாற்றாக நாங்கள் கொஞ்சம் கொடுத்திருக்கிறோம், அது எங்கள் சொந்தக் கணக்கு. அடுத்து வரும் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது.

40 பேர் வேண்டும். இதுவரை ஆறு பேர் சொல்லியிருக்கிறோம். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் தம்பிமாரும் சேரலாம், பெண்கள் கட்டாயம் சேர வேண்டும், சீட்டு நடத்தத் தெரிந்தவர்கள் நீங்கள்தானே. விருப்பமுள்ளவர்கள் கீழே பெயரை எழுதுங்கள், அல்லது இன்பொக்ஸில் சொல்லுங்கள். பிழை என்று நினைப்பவர்களும் எழுதுங்கள், விதிகளை இன்னும் முடிவாக்கவில்லை. கடற்கரையில் வீடு இருந்தவர்கள், அளவு ஞாபகம் இருந்தால், வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். சுண்ணாம்பு இன்னும் அரைப்பை மிச்சம் இருக்கிறது.